வீடு பார்க்க வந்தவர்கள்

"பங்களா பாக்க வந்தவுகளா? அப்பிடியே நம்ம வீட்டையும் பாத்துட்டுப் போங்க."

வாசலில் நின்று காசிமாயன் சத்தமாகவே கூப்பிட்டார்.

திருமங்கலம் தாண்டி உள்ளே இருக்கும் அந்த ஊரில், கண்மாய்க்கரையில் வெள்ளைக்காரன் கட்டிய பங்களா ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரையிலிருந்து பைக்கில் வந்து படம் எடுப்பவர்கள், திரும்பும் வழியில் தெருவின் பழைய ஓட்டு வீடுகளையும் எட்டிப் பார்ப்பார்கள்.

நாங்களும் பங்களாவைப் பார்த்துவிட்டுத் தெரு வழியாக மெதுவாகப் போவதாகத்தான் பேச்சு. எந்த வீட்டுக்குள்ளும் நுழைவதாக இல்லை.

வெயிலுக்காக முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்த துப்பட்டாவைத் தமிழ்வாணி அவிழ்க்காமலே பைக்கிலிருந்து இறங்கினாள்.

முற்றத்துக்கு இறங்கும் படிகளில் ஒன்று மட்டும் மற்றதைவிட உயரம். "பாத்து எறங்குங்க" என்று அவர் எச்சரித்தும் நான் தடுமாறினேன். அவள் கீழே பார்க்காமலே இறங்கிப் போனாள்.

காசிமாயன் அந்தப் படியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் தேக்குத் தூண்களைக் காட்டினார். கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் வைத்திருந்த அண்டாவைக் காட்டினார். எல்லாவற்றையும் என்னிடமே சொன்னார். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

கடைசியாக ஓர் அறையைத் திறந்துவிட்டார். கட்டில், மடித்து வைத்த போர்வை, சுவரில் பள்ளிக்கூடக் கபடி அணியின் படம்.

"இங்க யாரும் படுக்கிறதில்ல. ஆனா தெனமும் கூட்டி வச்சிருவோம்."

தமிழ்வாணி உள்ளே போனாள். பின்னால் போகப் பார்த்த என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பாக்கட்டும்."

வெளியே வந்தபோது எதிர்வீட்டுப் பந்தலில் இருந்த அவருடைய அண்ணன்மார் எங்களையே பார்த்தார்கள்.

"மதுரைக்காரவுக. வீடு பாக்க வந்தாக" என்றார் உரக்க.

மாதா கோயிலில் என்னைக் கல்யாணம் செய்துகொண்ட அன்றே, தமிழ்வாணி இனி இந்தத் தெருவில் கால் வைக்கக் கூடாது என்று சொன்ன பெரியப்பாக்கள் அவர்கள்தான்.

பைக்கைத் திருப்பினேன். காசிமாயன் பக்கத்தில் வந்தார். குரல் தணிந்திருந்தது.

"செவ்வாக்கெழம வா தாயி. இவுக எல்லாம் சந்தைக்குப் போயிருவாக. ஒங்காத்தாளும் வீட்ல இருப்பா."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். துப்பட்டா நனைந்திருந்தது.

மாமனார் என் பக்கம் திரும்பினார்.

"மெதுவா ஓட்டுங்க மாப்ள."