நான்காவது பொத்தான்

தில்லி ஜனக்புரி கணினி மையத்தில் செல்போனுக்குப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்த இளவரசிக்கு, ஐம்பது வயது மாணவர் தணிகாசலம் ஒரு தலைவலி.

"மேடம், பொத்தானை அமுக்கினா நான் பதிவு பண்ணினது பேசணும். திங்கட்கிழமைக்குள்ள முடிச்சாகணும்," என்றார் கரகரத்த குரலில்.

"இப்பதானே சார் ஆரம்பிச்சிருக்கீங்க. என்ன ஜல்தி?"

அவர் பிழை வர வர அழித்துவிட்டு மறுபடி அடித்தார்.

திங்கட்கிழமை அவருடைய போன் பேசியது. ஒன்றை அமுக்கினால், 'தண்ணி குடு.' இரண்டு, 'குழம்புல உப்பு கம்மி.' மூன்று, 'பாப்பா, பத்திரமா போயிட்டு வா.'

"அரே அங்கிள், வீட்டுல ஆன்ட்டிகிட்ட பேச அவ்வளவு பயமா?" என்றான் பின்வரிசை ஜெகன். இளவரசியும் சிரித்துவிட்டாள்.

தணிகாசலம் போனை மறுபடி கையில் எடுத்தார். "நாலாவதா ஒண்ணு பதியணும். எல்லாரும் கொஞ்சம் வெளியே இருங்க, மேடம்."

அதன்பிறகு ஒரு மாதம் அவர் வரவே இல்லை. வந்த அன்று, மே மாத வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தார்.

"எங்க சார் போயிட்டீங்க?" என்றாள் இளவரசி.

அவர் வாய் திறக்கவில்லை. போனை எடுத்து நான்காவது பொத்தானை அமுக்கினார்.

"தொண்டையில கேன்சர், மேடம். ஆபரேஷன்ல குரலை எடுத்துட்டாங்க," என்றது அவருடைய கரகரத்த குரல்.