டெல்மர் தொலைத்த துப்பாக்கி

"பூட்டு அப்படியே இருக்கு, கம்பி அப்படியே இருக்கு, உள்ளதான் ஒண்ணுமில்ல! நீயெல்லாம் ஊருக்கு வகுப்பு எடுக்குற!"

பக்கத்து வீட்டு ரோண்டா கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. அது போதாதென்று நான் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விடுகிற சாக்கில் வேலியோரம் போய் நின்றேன். முந்தைய நாள்தான் மழை கொட்டித் தீர்த்திருந்தது.

அவள் கணவர் டெல்மர் தன் வெள்ளைப் பிக்கப் வண்டிக்குள் தலையை விட்டிருந்தார். பின்பக்கம் மட்டும் வெளியே தெரிந்தது.

ஒக்லஹோமாவில் எங்கள் பக்கம் வண்டி என்றால் உள்ளே ஒரு துப்பாக்கியும் இருக்கும். தபால் நிலையத்துக்குள் கொண்டுபோகக் கூடாது, பள்ளிக்கூடத்துக்குள் கூடாது. வாசலில் வண்டியோடு விட்டுவிட்டுப் போவோம்.

இருக்கைக்கு அடியில் சும்மா செருகிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் டெல்மருக்கு ஆகாது. தேவாலயத்தின் கீழறையில் எங்களை உட்காரவைத்துப் பாடம் நடத்துவார். எஃகுப் பெட்டி. அதை இருக்கையோடு பிணைக்கிற கம்பி வடம். சாவி இடுப்பில். மாற்றுச் சாவி, நம்பிக்கையான ஒரே ஒரு ஆளிடம்.

நடுவில் கண் அசந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எனக்குத் தெரியும்.

அப்பேர்ப்பட்டவரின் பெட்டி அன்று காலி.

வண்டியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தது. மிதியடிகள், மழைக் கோட்டு, பேட்டரிக் கம்பிகள், பாதி தின்ற வேர்க்கடலைப் பொட்டலம். கடைசியாக ஒரு பேஸ்பால் தொப்பி. அவருடைய மகன் ட்ராவிஸுடையது. அதை மட்டும் கீழே போடவில்லை. உதறிப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தார்.

பிறகு வண்டியைச் சுற்றி வந்தார். காலிப் பெட்டியை மறுபடி திறந்தார், மூடினார், திறந்தார். சட்டைப் பையைத் தடவினார். ஏதோ கண்ணாடியைத் தேடுகிறவர் மாதிரி.

ட்ராவிஸ் போன குளிர்காலத்தில் நெடுஞ்சாலை விபத்தில் போய்ச் சேர்ந்ததிலிருந்தே மனிதர் இப்படித்தான். வேலை முடிந்து வருவார், வண்டியை நிறுத்துவார், இறங்க மாட்டார். சாப்பாடு ஆறுகிற வரை உள்ளேயே உட்கார்ந்திருப்பார். ரோண்டாவின் சமையலுக்குப் பயந்துதான் என்று தெருவில் ஒரு பேச்சு. கிளப்பிவிட்டது யார் என்பது இப்போது எதற்கு?

எதிர்வீட்டு கர்டிஸ் காப்பிக் கோப்பையோடு வாசலுக்கு வந்துவிட்டான்.

"ஃப்ரிட்ஜுல பாத்தியா, டெல்மர்? எங்க மாமா பல்செட்டு அங்கதான் கிடைச்சுது!"

எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டேன்.

டெல்மர் சிரிக்கவில்லை. "எனக்கு அது வேணும், ரோண்டா. இன்னைக்கே வேணும்."

"ஏன், இன்னைக்கு யாரைச் சுடப் போற?" என்றான் கர்டிஸ்.

டெல்மர் தரையைப் பார்த்தார்.

ரோண்டாவுக்குத்தான் குரல் இன்னும் ஏறியது. "ஷெரீஃபுக்கு ஃபோன் போடு! வாத்தியாரே தொலைச்சிட்டாருன்னு ஆபீஸ் மொத்தமும் சிரிக்கட்டும்! ஞாபக மறதின்னா இப்படியா? நாளைக்கு என்னையும் எங்கயாச்சும் வச்சிட்டுத் தேடுவ!"

வேறு யாராவது தொலைத்திருந்தால் டெல்மரே ஃபோன் போட்டிருப்பார். அன்று போடவில்லை. ஊரே பார்க்க வண்டிப் படியில் உட்கார்ந்து முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டார். முதலில் தோள்கள்தான் குலுங்கின. சத்தம் பிறகுதான் வந்தது.

கர்டிஸ் காப்பியைக் கீழே வைத்தான். நான் குழாயை மூடினேன்.

ரோண்டா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அவள் பேசியது எனக்கே கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் அவரை மருத்துவரிடம் அழைத்துப்போய்விட்டாள் என்பது மட்டும் தெரியும்.

டெல்மர் துப்பாக்கியைத் தொலைத்த கதை எங்கள் ஊர் மளிகைக்கடையில் வெகு நாள் ஓடியது. அவர் அன்று அழுததைக் கர்டிஸ் யாரிடமும் சொல்லவில்லை. நானும்தான்.

இலையுதிர்காலத்தில் வீட்டை விற்றுவிட்டு டல்சா நகரத்தில் மகள் பக்கத்தில் குடிபோனார்கள். மகள் ஒரு பல் மருத்துவனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்தில் டெல்மர் ஆடினார், ரோண்டாவின் காலை மிதித்து மிதித்து. "அதை எங்க வச்சேன்னு இன்னைக்கும் தெரியல," என்று என்னிடமே சொல்லிச் சிரித்தார்.

எனக்குத் தெரியும்.

ரோண்டா கத்துவதற்கு முந்தின சாயங்காலம், மழையில், என் கதவைத் தட்டினாள். ட்ராவிஸின் சாவுக்கு நான் சாப்பாடு கொடுத்தனுப்பிய கண்ணாடிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தாள். அடியில் ஒட்டியிருந்த நாடாவில் என் பெயர் அப்படியே இருந்தது. மேலே அலுமினியத் தாள் சுற்றியிருந்தது. காலிப் பாத்திரத்துக்கு அந்தக் கனம் கிடையாது.

அவள் கையில் ஒரு சின்னச் சாவி. மாற்றுச் சாவி.

"இந்தப் பாத்திரத்துல இருக்கறது அவன் கைக்குப் போகக் கூடாது, நானே வந்து கேட்டாலும் குடுக்காத. உன் வாயி ஊருக்கே தெரியும். உங்கிட்ட ஒரு ரகசியம் இருக்கும்னு அவன் சந்தேகப்படவே மாட்டான்."

குண்டுகள் உள்ளே இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை. என் வாழ்நாளில் நான் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுதான்.

என் கராஜில் இருக்கிற பெரிய ஃப்ரீசருக்குப் பூட்டு உண்டு. இந்த வருஷமும் மான் இறைச்சி வைக்க இடம் போதவில்லை என்று எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருக்கிறேன்.