நல்லதம்பியின் கை

“இந்த ஜீப்பை முந்தி ஆர் அண்ணை ஓடினது?”

ஜக்கில் தூக்கி நிறுத்திய முன் சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தபடி மெக்கானிக் பாலன் கேட்டான்.

“நல்லதம்பி எண்டு ஒருத்தர். வேலையாலை நிப்பாட்டிப்போட்டன்” என்றார் சுதாகரன். “ஆளுக்குக் கை நடுக்கம். சண்டை நேரம் செல் வெடிச்சுத் தோளிலை ஏறின துண்டு இன்னும் உள்ளுக்கை கிடக்கு. அந்தக் கையாலை ஸ்டியரிங் பிடிச்சால் வாகனம் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் அலையாமல் என்ன செய்யும்?”

சுதாகரனுக்குக் கனகராயன்குளத்தில் அரிசி ஆலை. ஆலை வாசலில் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் நல்லதம்பியிடம் ஜீப் திறப்பைத் திருப்பி வாங்கி, அவரை வீட்டுக்கு அனுப்பினார். அந்த இடத்துக்கு வந்தவன் அவருடைய அக்கா மகன் கிருசாந்தன்.

நேற்றுக் காட்டு ரோட்டில் ஜீப் ஒரு குழியில் விழுந்து எழும்ப, ஸ்டியரிங் கிருசாந்தனின் கையை உதறித் தள்ளியது. அவன் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டான்.

“மாமா, வாகனத்திலை பிழை. இனி நான் ஓடமாட்டன்.”

நல்லதம்பியும் இதையேதான் வருசக்கணக்காகச் சொன்னார். ஆனால் மருமகன் வாயால் வந்த பிறகுதான் ஜீப் கராச்சுக்கு வந்தது.

பாலன் சில்லின் மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினான். டக் டக் என்று சத்தம் கேட்டது.

“தம்பி, பிறேக்கை அமத்தும்.”

உள்ளே ஏறியிருந்த கிருசாந்தன் அமத்தினான். பாலன் திரும்பவும் ஆட்டினான். அதே டக் டக்.

“சில்லுப் பெயரிங்கிலை பிழையெண்டால் பிறேக் அமத்த இந்த ஆட்டம் நிண்டிருக்கும். இது கிங்பின், அண்ணை. சில்லு திரும்புற மூட்டே தேய்ஞ்சு போச்சு.”

“வவுனியாவிலை புது ரயர் போட்டு, அலைன்மென்டும் பாத்தனாங்களே?”

“கால் உடைஞ்ச கதிரைக்கு மெத்தை மாத்தி என்ன பிரியோசனம்? இது இண்டைக்கு நேற்று வந்த தேய்வில்லை. வருசக்கணக்கு. வாகனத்தை நேராய்ப் போக விடாது, குழியிலை விழுந்தால் கையை உதறும். இதை இவ்வளவு காலமும் ஒரு இடத்திலையும் மோதாமல் ஓடியிருக்கிறார் அந்த மனிசன். அவருக்கோ கை நடுக்கம்?”

சுதாகரன் குனிந்து அந்தச் சில்லைத் தானும் ஒருக்கால் ஆட்டிப் பார்த்தார்.

“பிழை விட்டுட்டன், பாலன். நேரிலை போய்ச் சொல்லோணும்.”

“போய்ட்டு வாங்கோ அண்ணை. உங்களுக்கு நல்ல மனம்.”

அடுத்த நாள் சுதாகரனே ஜீப்பை ஓட்டிக்கொண்டு உடையார்கட்டுக்குப் போனார். வேலை போன பிறகு நல்லதம்பி மனைவியின் ஊரான அங்கே போய்விட்டார். கிங்பின் மாற்றிய ஜீப் இப்போது ஒற்றைக் கையால் பிடித்தாலும் நேராகப் போனது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு உறுத்தியது. சொல்ல வேண்டியதை வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

‘அண்ணை, பிழை உங்கடை கையிலை இல்லை. என்னிலை.’

வாசலில் ஜீப்பைக் கண்டதும் நல்லதம்பி சேட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். கதிரையை இழுத்துப் போட்டார். தேத்தண்ணியையும் அவரே கொண்டு வந்து கொடுத்தார். விளிம்பு முட்ட வார்த்த தேத்தண்ணியில் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

“அண்ணை, நான் வந்தது...”

“பொறுங்கோ முதலாளி, முதலிலை நான் மன்னிப்புக் கேக்கோணும். அண்டைக்கு வாகனத்திலைதான் பிழை எண்டு உங்களை எடுத்தெறிஞ்சு கதைச்சுப்போட்டன். பிறகு யோசிச்சுப் பாத்தன். இந்தக் கையோடை ஓடி ஆரையும் அடிச்சுச் சாக்காட்டியிருந்தால்? நீங்கள் என்னைப் பெரிய பாவத்திலையிருந்து காப்பாத்தியிருக்கிறியள். இஞ்சை எல்லாரிட்டையும் அப்பிடித்தான் சொல்லுறனான்.”

அவருடைய மனைவி அமராவதி குசினி வாசலில் நின்றாள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

“முன்பள்ளி வான் ஓட இவரைத் தேடி வந்து கேட்டவை, முதலாளி. மாட்டனெண்டு சொல்லிப்போட்டார். சின்னப் பிள்ளையளை ஏத்திற வாகனமாம், கை நடுங்குமாம். நாளைக்கு வேறை ஆளைப் போடப் போகினம். நான் கண்ட காலம் தொட்டு இந்தக் கை நடுங்கி நான் பாக்கேல்லை. நீங்களே ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. பிழை வாகனத்திலையோ, இவரின்ரை கையிலையோ?”

சுதாகரன் தேத்தண்ணியைப் பார்த்தார். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்த வசனம் வாய்வரை வந்தது.

நல்லதம்பி கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு மரியாதையோடு யாரும் சுதாகரனைப் பார்த்துக் கனகாலம். வாயைத் திறந்தால் அந்தப் பார்வை போய்விடும்.

“இப்ப ஜீப் எப்பிடி, முதலாளி?” நல்லதம்பி தயங்கித் தயங்கிக் கேட்டார். “இப்பவும் ஆடுதோ?”

“இல்லை. இப்ப நேராய்ப் போகுது.”

நல்லதம்பி தன் வலது கையை விரித்துப் பார்த்தார். பிறகு மனைவியிடம் திரும்பினார்.

“பாத்தியே? என்ரை கை போனதும் நேராய்ப் போகுது. நான் சொன்னனான்தானே.”

அமராவதி குசினிக்குள் திரும்பிப் போனாள்.

சுதாகரன் தேத்தண்ணியை மிச்சம் விடாமல் குடித்துவிட்டு எழும்பினார். செல் துண்டு இருந்த தோளை விட்டு, மற்றத் தோளில் மெதுவாகத் தட்டினார்.

“காயப்பட்ட கைதானே அண்ணை. மனம் தளராதேங்கோ.”