அரசர் கேட்ட முதல் கேள்வி

குதிரை வண்டி கிளம்புகிற நேரத்தில் அமேவி ஓடி வந்து, ஜன்னல் வழியாக ஒரு துண்டுத் தாளைக் கொம்லாவின் கையில் திணித்தான்.

அமேவி தூதரகத்தில் கொம்லாவுக்கு அடுத்த அதிகாரி. அவன் ஏதோ சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

கொம்லா தாளைப் பிரித்தான். ஊரிலிருந்து வந்த தந்தி. விடியற்காலை ராணுவம் மாளிகைக்குள் புகுந்துவிட்டது, அதிபரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவ்வளவுதான் இருந்தது.

இன்னொரு முறை படித்தான்.

மடியில் இருந்த கடிதத்தைப் பார்த்தான். 'இவர் என் தூதர், இவர் சொல்வதை நான் சொன்னதாகவே நம்புங்கள்' என்று அதிபர் கையெழுத்துப் போட்டு, அரக்கு வைத்துக் கொடுத்த கடிதம். இன்றைக்கு இந்த நாட்டு அரசர் கையில் கொடுத்தால்தான் அவன் தூதன்.

கையெழுத்துப் போட்டவர் வெறும் அதிபர் என்றாலும் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவன் மனைவி எஸ்ஸிவியைப் பெற்ற அப்பா.

தாளைக் கசக்கிக் கையுறைக்குள் தள்ளினான்.

"என்னய்யா மூஞ்சி இது?" என்றாள் எஸ்ஸிவி. "ராஜாவைப் பார்க்கப் போறியா, பல்லு புடுங்கிக்கப் போறியா?"

ஐயோ, இவளிடம் எந்த வாயால் சொல்வது?

இப்போது சொன்னால் நடுத்தெருவில் அலறுவாள். வண்டி திரும்பிவிடும். செத்தவர் கொடுத்த கடிதம் செல்லாக்காசு. அரசர் வாங்கிவிட்டாலோ, இந்த மண்ணில் அவன் குடும்பத்தை ஒருத்தன் தொட முடியாது. வாங்காவிட்டால் அவன் யாரோ ஒருவன். மூட்டை கட்டி அடுத்த விமானத்தில் ஏற்றுவார்கள். அங்கே இறங்குகிற இடத்திலேயே அதிபரின் மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் துப்பாக்கி காத்திருக்கும்.

இன்னும் கால் மணி நேரம். அதுவரை இந்த ஊர் வானொலிக்குச் சேதி எட்டக் கூடாது. குதிரைகளோ கல்யாண ஊர்வலம் மாதிரி பனியில் ஆடி அசைந்து போயின. அவற்றை இறங்கித் தள்ளலாமா என்றிருந்தது.

அரண்மனைக் கூடத்துக்குள் நுழைந்ததும் மூன்று முறை குனிய வேண்டும். கொம்லா நான்கு முறை குனிந்தான்.

கடிதத்தை நீட்டினான். அரசர் வாங்கினார். பிரிக்காமலே பின்னால் நின்ற அதிகாரியிடம் கொடுத்தார்.

அப்பாடா, வாங்கிவிட்டார்!

பிறகு, எந்த நாட்டுத் தூதர் வந்தாலும் வழக்கமாகக் கேட்கிற முதல் கேள்வியை அரசர் கேட்டார்.

"உங்கள் அதிபர் நலமா?"

ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த பதில். நலம், தங்களையும் விசாரித்தார். மூன்றே வார்த்தை. கொம்லாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடிதம் வைத்திருந்த அதிகாரி அவனை உற்றுப் பார்த்தார்.

எஸ்ஸிவி ஓரடி முன்னால் வந்தாள்.

"அப்பா ரொம்ப நல்லா இருக்கார் அரசே. நேத்துகூடப் பேசினேன். உங்க ஊர்க் குளிர்ல மாப்பிள்ளைக்கு நாக்கு உறைஞ்சு போயிடும்னு சொன்னார். பாருங்க, அப்படியே நிக்கறார்."

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். கூடமே சிரித்தது. கொம்லாவுக்கு மட்டும் ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. ஒன்றும் தெரியாமல் சிரிக்கிறாளே!

திரும்பும்போது வண்டிக் கதவு சாத்தியதும் அவள் கையைப் பிடித்தான்.

"எஸ்ஸிவி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"கடுதாசியை வாங்கிட்டார்தானே?" என்றாள். "இனிமே நம்ம பிள்ளைங்களை யாரும் திருப்பி அனுப்ப முடியாதே?"

அவன் தலையாட்டினான்.

"காலையில நீ ஒத்திகைக்குப் போனதுமே அம்மா போன் பண்ணிட்டா. உங்கிட்டச் சொன்னா நீ அங்கேயே உடைஞ்சிடுவேன்னுதான்..."

அவள் தலையில் சுற்றியிருந்த பட்டுத்துணியை அவிழ்த்தாள்.

தலையில் ஒரு முடி இல்லை. காதோரம் சவரக்கத்தி கீறிய இடத்தில் ரத்தம் உறைந்திருந்தது. அவர்கள் ஊரில் தகப்பன் செத்த சேதி வந்தால் மகள் முதலில் செய்கிற காரியம் அது.

இரண்டாவது காரியம், வாய்விட்டு அழுவது. அதை அவள் இப்போதுதான் ஆரம்பித்தாள்.