கன்னத்தில் ஒரு புள்ளி

பாகூர் நூலகத்தில் நாளை கண்காட்சி. சாயங்கால வெயில் சன்னல் கம்பிகளின் நிழலோடு தரையில் நீண்டு கிடக்கிறது. அப்பா குறுக்கே கயிறு கட்டி, பழைய வார இதழ்களின் அட்டைகளைத் துணி கிளிப்பில் ஒவ்வொன்றாக மாட்டுகிறார். தன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் சேர்த்தவை. எல்லாம் ஓவியப் பெண்கள். குடத்தோடு, வீணையோடு, தீபாவளி மத்தாப்போடு. போன மழையில், ஈரம் படக் கூடாதென்று அத்தனைக்கும் லேமினேஷன் போட்டுவிட்டார். வெளியே கரும்பு டிராக்டர் போகிறது. பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்து நடுங்குகிறது.

"வூட்ல என் போட்டோ ஒண்ணு மாட்னது இல்ல. இவளுங்களுக்கு மட்டும் கயிறு, கிளிப்பு," என்கிறாள் அம்மா, மேசையில் தலை சாய்த்தபடியே.

மத்தாப்புப் பெண்ணின் கன்னத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அப்பா வேட்டி நுனியால் துடைக்கிறார். வாயால் ஊதி மறுபடி துடைக்கிறார்.

"ஜெயா, இன்னாது இது? போவ மாட்டேங்குது," என்று என்னிடம் கேட்கிறார்.

அது பூஞ்சை. காகிதத்தில் இருந்த ஈரத்தையும் சேர்த்து மூடியதால் உள்ளே வளர்கிறது. பிரித்தால் படம் கிழியும். விட்டால் பரவும். சொல்ல வாயெடுக்கிறேன். அம்மா எழுந்து வந்து புள்ளியைப் பார்க்கிறாள், பிறகு என் முகத்தை.

"வுடுங்க. அழகா கீறா இல்ல, திருஷ்டிப் பொட்டா இருந்துட்டுப் போவுது."

அப்பா சிரித்துவிட்டு அடுத்த அட்டையை நீட்டுகிறார். வீணைப் பெண்ணுக்கு இரண்டு கண்களிலும் அதே கறுப்புப் பொட்டு. நான் கிளிப்பை விரித்துப் பிடிக்கிறேன்.