எஃப்.எம். ஸ்டேஷனை வாங்கப் போவது யார்?

ஒரு சின்ன ஊரில் எஃப்.எம். ஸ்டேஷன் ஒன்று விலைக்கு வந்தது. அங்கிருந்த பழைய மைக்குக்கு ஒரே கவலை. வாங்குகிறவர் தன்னை வைத்துக்கொள்வாரா, காயலான் கடையில் போடுவாரா?

"யாருடா வாங்கப் போறாங்க?" என்று ஜன்னலில் இருந்த மைனாவைக் கேட்டது.

எந்தக் குரலையும் அச்சு அசலாகப் பேசுகிற மைனாவுக்குச் சொல்லவா வேண்டும்! மறுநாள் காலையில் கனத்த குரலில், "ஹலோ, மைக் டெஸ்டிங்! நகைக்கடை முதலாளி வந்திருக்கேன்" என்றது.

மைக்குக்குக் கண் கிடையாது. "வாங்க முதலாளி! ஆடித் தள்ளுபடியை எப்படிச் சொல்றேன் பாருங்க" என்று குழைந்தது. மைனா சிரிப்பை அடக்கியதில் இறகு இரண்டு உதிர்ந்தது.

அடுத்த நாள் ஜோசியர் 'வந்தார்'. மைக் பன்னிரண்டு ராசிக்கும் நல்ல பலனே சொன்னது. அதற்கும் அடுத்த நாள் கட்சிக்காரர். மைக் தொண்டை கட்டும்வரை 'வாழ்க' போட்டது. அதற்குமேல் மைனாவால் முடியவில்லை, கெக்கெக்கே என்று சிரித்துவிட்டது. மைக்குக்கு மானமே போயிற்று.

நாலாம் நாள் நிஜமாகவே ஒருவர் காரில் வந்து இறங்கினார். செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்து, சுவிட்சைப் போட்டு, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றார்.

"இன்னிக்கு யாரு வேஷம்டா, திருட்டுப் பயலே? ஓடிப் போயிடு!" என்று ஸ்பீக்கர் அதிர மைக் கத்தியது.

ஆளில்லாத அறையில் அதட்டல் கேட்டவர், செருப்பைக்கூட எடுக்காமல் ஓடியே போனார். 'விற்பனைக்கு' போர்டு அப்படியே தொங்கியது.

மைக் மெதுவாக, "டேய் மைனா, அடுத்து யாருடா வாங்குவாங்க?" என்று கேட்டது.

மைனா தொண்டையைச் செருமிக்கொண்டது.