ஒன்பதாம் தொகுதி

சீனியரின் வலது கை பின்னால் நீண்டது.

நாராயணபெருமாள் பிள்ளை வாதாடும்போது திரும்பிப் பார்க்க மாட்டார். பார்வை முன்சீப்பின் மேலேயே இருக்கும். கை மட்டும் முதுகுக்குப் பின்னால் வந்து விரியும். அதில் சரியான சட்டப் புத்தகத்தை வைக்க வேண்டும். பி.எல். முடித்துவிட்டு ஒரு வருஷப் பயிற்சிக்கு அவரிடம் வந்த நேசையனின் வேலை இதுதான்.

பயிற்சி இந்த வாரம் முடிகிறது. சீனியர் கையெழுத்துப் போட்டால், அப்போது இந்தப் பகுதிக்கும் சேர்த்து இருந்த எர்ணாகுளம் ஹைகோர்ட்டில் பதிந்து வக்கீல் ஆகலாம். போடாவிட்டால் இன்னொரு வருஷம் இதே முதுகுக்குப் பின்னால்.

"ஆறாம் தொகுதி" என்றார் பிள்ளை.

நேசையன் அடுக்கிலிருந்து ஆறை உருவிக் கொடுத்தான். பிள்ளை அதை நேராகப் பிடித்ததும் ஆறு ஒன்பதாகிவிட்டது.

நேசையன் அடுக்கைப் பார்த்தான்; நிஜ ஆறு அங்கேயே இருந்தது, உருவிக் கொடுத்தது தலைகீழாகக் கிடந்த ஒன்பதை.

உண்மையில் பிள்ளையிடம் ஒன்பதாம் தொகுதி கிடையாது. அதைக் கறையான் எப்போதோ கரைத்துக் குடித்துவிட்டது. கட்சிக்காரர்களோ வக்கீலின் மூளையை அலமாரியை வைத்து அளக்கிறவர்கள். நடுவில் பல் போன மாதிரி இடைவெளி தெரிந்தால் பீஸில் இடிக்கும். ஆகவே அதே தடிமனில் சும்மா கிடந்த ஓர் இங்கிலீஷ் புத்தகத்துக்குச் சிவப்புத் தோல் போட்டு, முதுகில் தங்க எழுத்தில் 9 என்று பதித்து, வரிசையில் சொருகியாயிற்று. பைண்டரிடம் சுமந்து போனவன் நேசையன். பயிற்சியின் முதல் பாடம் அது.

உள்ளே இருந்தது தேனீ வளர்ப்பு.

வழக்கு என்னவோ பலாமரத்தைப் பற்றியது. வேளிமலை அடிவாரத்தில், பிள்ளையின் கட்சிக்காரரான பொன்னுலிங்கத்தின் தோட்ட விளையில் மரம் நிற்கிறது. காய்ப்பதெல்லாம் வேலிக்கு அந்தப்பக்கம், எதிராளி இசக்கியின் விளைக்கு மேலே.

பிள்ளை புத்தகத்தைத் திறந்தார். முழுப் பக்கத்துக்கு ராணித் தேனீயின் படம். பக்கம் முன்சீப்புக்குத் தெரியாதபடி புத்தகத்தை மார்போடு சாய்த்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமி, மணி மணியான இங்கிலீஷில் வாசிக்கத் தொடங்கினார். கிளை எங்கே சாய்ந்தால் என்ன, அடிமரம் யாருடையதோ அவருடையதே பழமும்.

எதிர்த்தரப்பு வக்கீல் குமாரதாஸ் எழுந்தார். "அந்தத் தீர்ப்பை நானும் ஒரு தடவை பாத்துக்கிடட்டா அண்ணாச்சி?"

கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அது கோர்ட்டு மரியாதை. புத்தகம் மேசை மாறியது. வரப்போகிற கையெழுத்தை நேசையன் மனதுக்குள் ஜெபம் பண்ணி அடக்கம் செய்தான்.

குமாரதாஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பக்கத்தைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், வழக்கு அவர் மடியில்.

அப்புறம் அவர் பார்வை தன் மேசைமேல் இருந்த புத்தக அடுக்குக்குப் போய்த் திரும்பியது. அதே சிவப்புத் தோல். அதே தங்க எழுத்து. ஊரில் பைண்டர் ஒருத்தர்தான்; குமாரதாஸின் அலமாரிக்கும் பொய்ப்பல் கட்டியவர் அவரே.

"அண்ணாச்சி பாதியில நிறுத்திப்போட்டாரு, யுவர் ஆனர். அடுத்த பாராவை நான் வாசிக்கேன்."

வாசித்தார். பழம் யார் தலைக்கு மேலே தொங்குகிறதோ, விழுந்தால் மண்டை உடையப்போவது அவருக்கே. ஆகையால் பழமும் அவருக்கே. பிள்ளையின் இங்கிலீஷைவிட ஒரு முழம் நீளம்.

முன்சீப் கையை நீட்டினார். புத்தகம் மேலே போனது.

முன்சீப் ஒரு பக்கத்தைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். வக்கீல்கள் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ரெண்டு பாராவும் பாத்தாச்சு" என்றார் கடைசியில். "பாதிப் பழம் மரத்துக்காரருக்கு. பாதி, கீழ நிக்கவருக்கு. புஸ்தகம் இங்கயே இருக்கட்டும்."

வராந்தாவில் இசக்கிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஒரே புஸ்தகம் ரெண்டு கட்சிக்கும் பேசுச்சு, பாத்தீரா வே?"

"அதுல்லா புஸ்தகம்" என்றார் பொன்னுலிங்கம். அந்த இரண்டு பேருக்கும் நடுவே பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகியிருந்தது.

பிள்ளை நேசையனைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனார். கேட்காமலே பேனாவைத் திறந்து பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்திட்டார். 'நடத்தை மிகவும் நன்று' என்றும் மேலதிகமாக ஒரு வரி எழுதினார்.

"இனி ஒனக்குச் சொல்லிக்குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல மக்கா. வீட்டுக்குப் போ."

மை காய்வதற்குள் முன்சீப்பின் சேவகரான டபேதார் வந்துவிட்டார். புத்தகம் எடுத்துக் கொடுத்த ஜூனியரை ஐயா அறைக்கு வரச் சொல்கிறாராம்.

பிள்ளைக்கு உடனே வேறொரு கோர்ட்டில் கேஸ் இருப்பது நினைவுக்கு வந்தது.

நேசையன் சான்றிதழைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தனியாகப் போனான். சான்றிதழோடு நின்ற நாலு நிமிஷத்து வக்கீல் கனவே போதும் என்று கர்த்தர் நினைத்துவிட்டாரோ என்னவோ.

முன்சீப் கதவைச் சாத்தச் சொன்னார். மேசையில் ஒன்பதாம் தொகுதி விரிந்து கிடந்தது.

"மழை மாசத்துல தேனீக்குச் சீனித்தண்ணி கலக்குற அளவு போட்டிருந்த பக்கம் இதுல கிழிஞ்சிருக்கு" என்றார் தாழ்ந்த குரலில். "வீட்டுல ரெண்டு பெட்டி சாகக் கெடக்கு. உமக்குத் தெரியுமா?"

மார்த்தாண்டத்தில் தேன்பெட்டிகளுக்கு நடுவே வளர்ந்தவன் நேசையன்.

"தண்ணியும் சீனியும் சரிக்குச் சரி, யுவர் ஆனர். ஆறவிட்டு, சாயங்காலமா வைக்கணும்."

முன்சீப் குறித்துக்கொண்டார்.

நேசையனின் முதல் வாதம் அது. எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கவில்லை.